அவசரக் கதவின் சாவி

என் வலது கால் பெருவிரல் கொஞ்சம் கோணலாக இருக்கும். பணி நிறைவு விழாவில் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறியபோது, முன்வரிசையில் இருந்த புதிய ஆய்வாளர்களே, உங்களில் சிலர் அதைக் காட்டிக் காதோடு காது பேசிக்கொண்டீர்கள். ‘தீயில் மாட்டிய பதினொரு பெண்களைக் காப்பாற்றினபோது அடிபட்டதாம்’ என்று ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து மனசு சரியில்லை. நம் ஆய்வாளர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டதும் மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டது அதனால்தான். விரல் கோணிய கதையை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லுவதெல்லாம் தலைகீழாக இருக்கிறது.

நம் வேலை இன்னதென்று உங்களுக்குத் தெரியும். சிறுதொழில் செய்கிறவர்கள் தங்கள் இடத்தை ஆபத்தில்லாமல் வைத்துக்கொள்ள அரசு மானியம் தருகிறது. தீயணைப்பான், கேமரா, இரும்புக் கதவு, அவசர வழி என்று அதற்கு ஒரு பட்டியல். வாங்கினார்களா, மாட்டினார்களா, மாட்டியது இன்னும் மாட்டின இடத்தில் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிறவர்கள் நாம். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைக்காய் வறுவல் போடுகிறவர் முதல் நாங்குநேரி சாலையில் டயருக்கு ஒட்டுப் போடுகிறவர் வரை, நம்மைக் கண்டதும் எழுந்து நிற்பார்கள். நம் கையிலிருக்கும் படிவத்துக்குக் கிடைக்கும் மரியாதையை நமக்குக் கிடைப்பதாக நினைத்துக்கொண்டு நாம் நாற்காலியில் உட்காருவோம்.

அந்தப் படிவத்தை யார் தயாரித்தாரோ, அவர் தீயையும் பார்த்திருக்க மாட்டார், திருடனையும் பார்த்திருக்க மாட்டார். இரண்டையும் ஒரே தாளில் அடக்கியிருந்தார். தீக்குப் பயந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். திருடனுக்குப் பயந்தால் பூட்டியிருக்க வேண்டும். படிவமோ இரண்டையும் கேட்கும், இரண்டுக்கும் ‘ஆம்’ என்று எழுதினால்தான் மானியம் நகரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தலைமை எழுத்தரிடம் இதைக் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “படிவம் என்ன கேக்கோ அதுக்குப் பதில் எழுதும் வே. கேக்காததப் பாக்கதுக்கு ஒமக்குச் சம்பளம் இல்ல.” எனக்கு வாய்த்த குரு அவர். அவர் சொல்லைப் பல வருஷம் வேதமாக வைத்திருந்தேன். ஒரு புகாரும் வந்ததில்லை. ஒன்றையும் ஒழுங்காகப் பார்த்ததும் இல்லை.

முக்கூடல் பக்கம், வாய்க்கால் கரையில் ஒரு மெத்தைத் தொழிற்கூடம். இலவம்பஞ்சை இயந்திரத்தில் கொட்டி அடித்து, உறையில் திணித்துத் தைக்கிற இடம். முன்பக்கம் முதலாளியின் மேஜை, நடுவில் பஞ்சு அடிக்கும் இயந்திரம், பின்பக்கம் தையல். பின்பக்கத்தில் பதினொரு பெண்கள் வேலை பார்த்தார்கள். பஞ்சும் மின்சாரமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மானியத்தில் பின்சுவரை உடைத்து ஓர் இரும்புக் கதவு வைக்கச் சொன்னோம். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். நானும் அப்படியே கூப்பிட்டேன். அண்ணாச்சி நல்ல கதவாகவே போட்டார். உள்ளே ஒரு தாழ்ப்பாள். தட்டினால் திறக்கும்.

அதைப் பார்வையிடப் போன நாளில்தான் நான் என் திறமையைக் காட்டினேன். படிவத்தில் ஒரு கேள்வி: ‘மானியத்தில் பெற்ற பொருள் களவு போகாதபடி காப்பு செய்யப்பட்டுள்ளதா?’ கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள்தான் இருக்கிறது, பூட்டு இல்லை. ‘இல்லை. பூட்டு பொருத்த அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதினேன். அவசர வழிக்குப் பூட்டு எதற்கு என்று என் பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை.

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். பின்னால வழியா பஞ்சு போயிருமோன்னு எனக்கும் ஒரு இதுவாத்தான் இருந்துச்சு” என்றார். மறுநாளே ஆள் விட்டுத் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி, கதவுக்கு வெளியே இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். ‘ஆதாரம் இணைக்கவும்’ என்று படிவத்தில் இருந்தது. பூட்டுக்கு ஆதாரம் எதை இணைப்பது? இரண்டு சாவியில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதை உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்திட்டு, அதன்மேல் அரக்கு முத்திரையும் வைத்துக் கோப்பில் கட்டிவிட்டேன். இன்னொரு சாவி அண்ணாச்சியின் இடுப்புக் கொத்தில் சேர்ந்தது.

தீயணைப்பான்கள் இரண்டும் வந்திருந்தன. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவர், அரசாங்கத்துப் பொருள் கண்ட இடத்தில் கிடக்கக் கூடாது என்று பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் சாமி படத்துக்குக் கீழே நிறுத்திவைத்திருந்தார். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதினேன். மெய்தான். பிள்ளையாரும் அதே அலமாரியில் நல்ல நிலையில்தான் இருந்தார்.

கேமரா மட்டும் பயன்பாட்டில் இருந்தது. வாசலைப் பார்க்க வேண்டிய கேமராவை அண்ணாச்சி உள்ளே திருப்பிவிட்டார். கழிப்பறை பின்பக்கத் தோட்டத்தில் இருந்தது. பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டியதும், பெண்கள் முன்வாசல் வழியாக, அண்ணாச்சியின் மேஜையைத் தாண்டி, கட்டடத்தைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. யார் எத்தனை நிமிஷம் போனார்கள் என்று அவர் ஒரு நோட்டில் குறித்தார். வெளியூர் போனாலும் கைபேசியில் கேமராவைப் பார்த்துக்கொண்டே, “பாக்கியம் எங்க? போயி அஞ்சு நிமிசம் ஆச்சே” என்று கணக்கரைக் கூப்பிட்டுக் கேட்பார். பாக்கியம் என்பவர் தையல் பிரிவில் மூத்தவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். படிவம் கேட்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து மறு ஆய்வுக்குப் போனேன். கோப்பு கக்கத்தில். அண்ணாச்சி நாங்குநேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். முன்பக்க மேஜையில் கணக்கர் எனக்குக் காபி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். காலை பதினொரு மணி இருக்கும். இயந்திரத்தில் படார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பஞ்சு பற்றியிருந்தது. பஞ்சு எரிவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அது ஓர் இடத்தில் எரிவதில்லை. அறை முழுக்க ஒரே நேரத்தில் எரியும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஓடினேன். யோசித்து ஓடவில்லை. கால் ஓடிவிட்டது. சாலைக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கணக்கர் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். அதே சமயம் என் கைபேசி அடித்தது. நாங்குநேரியிலிருந்து அண்ணாச்சி. “சார், கேமராவுல ஒரே வெள்ளையாத் தெரியுதே, துடைக்கச் சொல்லுங்க” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் பதினொரு பேர். முன்வழியில் தீ. பின்வழியில் சங்கிலி. அந்தச் சங்கிலியைப் போடச் சொன்னவன் நான்.

கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். உடைமுள் கிழித்ததும் வாய்க்கால் சேற்றில் ஒரு செருப்பு போனதும் தெரியவில்லை. பின்கதவு சாத்தியிருந்தது. சங்கிலி அப்படியே தொங்கியது. பூட்டு அப்படியே இருந்தது. மேலே இருந்த காற்றுத் துளைகளில் புகை குபுகுபுவென்று வந்தது. கதவைக் கையால் அடித்து, “யாரும்மா உள்ள?” என்று கத்தினேன். உள்ளேயிருந்து ஒரு குரலும் இல்லை.

சாவி கோப்பில் இருந்தது. கோப்பு கையில் இருந்தது. கட்டை அவிழ்த்தேன், தாள்கள் சேற்றில் பறந்தன. உறையைப் பிரிக்கப் பார்த்தேன். நம் அலுவலகத்தில் ஒழுங்காக நடக்கிற வேலை ஒன்று உண்டென்றால் அது ஒட்டுகிற வேலை. பசையும் அரக்கும் என் கையெழுத்தும் சேர்ந்து அந்த உறையை இரும்பாக்கியிருந்தன. பல்லால் கடித்துக் கிழித்தேன். அழுதுகொண்டே கிழித்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சாவியைப் போட்டேன், திருப்பினேன், சங்கிலியை உருவினேன்.

கதவு திறக்கவில்லை. அப்படியே முழுசாக என்மேல் விழுந்தது. விரல் நசுங்கியது அப்போதுதான்.

கதவுக்கு அடியில் கிடந்தபடி ஒரு குரல் கேட்டேன். “ஐயையோ, சாரு! எதுக்குக் கதவத் தொறந்தீய? நாங்க எல்லாரும் இங்கனதான நிக்கோம்!”

பாக்கியம். அவருக்குப் பின்னால், கரையில் மருத மரத்தடியில், பத்துப் பேர். எல்லாரும் முழுசாக இருந்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரங்களோடு இருந்தார்கள். செருப்பைக்கூட யாரும் விட்டுவிட்டு வரவில்லை. நால்வர் சேர்ந்து கதவைத் தூக்கி என்னை வெளியே இழுத்தார்கள்.

நடந்தது இவ்வளவுதான். முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய், நோட்டில் பெயர் ஏறி அலுத்துப்போன பெண்கள், கதவின் ஓர் ஓரத்தில் சங்கிலி இருந்தால் என்ன என்று மற்ற ஓரத்துக் கீலைக் கோத்திருந்த கம்பிகளை எப்போதோ உருவிவிட்டார்கள். பஞ்சு மூட்டைகள் மறைத்ததால் கேமராவுக்கு அது தெரியாது. கீல் பக்கம் தள்ளினால் கதவு சங்கிலியில் தொங்கியபடி விலகும். ஆள் போய்வரலாம். கடைசியாக வருகிறவர் கதவைப் பழையபடி சாத்தி வைத்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. தீப்பிடித்த அன்றும் கடைசியாக வந்தவர் பழக்க தோஷத்தில் சாத்திவிட்டுத்தான் வந்தார். நான் சங்கிலியை உருவியதும் கதவைப் பிடித்துக்கொள்ள உலகத்தில் என்னைத் தவிர வேறெதுவும் இல்லை.

வண்டி வந்து தீயை அணைத்தது. கூரை போயிற்று, இயந்திரம் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. காயம்பட்டவர் ஒருவர்: ஆபத்தைத் தடுக்க வந்த ஆய்வாளர்.

அண்ணாச்சி கல்யாண வேட்டியோடு வந்து இறங்கினார். விழுந்து கிடந்த கதவு, திறந்த பூட்டு, காலில் கட்டோடு நான், பக்கத்தில் பதினொரு பெண்கள். அவர் மனசில் கதை தானாக ஓடிவிட்டது. “சாமி மாதிரி வந்து காப்பாத்திட்டீயளே சார்!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வாய் திறப்பதற்குள் பாக்கியம் என்னைப் பார்த்தார். அவர் மடியில் அந்தக் கீல் கம்பிகள் இருந்தன.

பிறகு தனியாக வந்து சொன்னார்: “சாரு, கம்பி வெசயம் அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா எங்க பதினோரு பேருக்கும் சோலி போயிரும். சத்தங்காட்டாம மறந்துருங்க.”

எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று தெரியுமா? அவர்கள் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு என் தோலைக் காப்பாற்றிக்கொண்டேன். அறிக்கை எழுதினேன்: ‘ஆய்வாளர் தம்மிடமிருந்த சாவியால் அவசர வழியின் பூட்டைத் திறந்தார். பதினொரு தொழிலாளர்களும் நலமாக உள்ளனர்.’ ஒரு வரியும் பொய் இல்லை. வரிசைதான் பொய். தம்பிகளே, தங்கைகளே, நம் தொழிலில் பெரும்பாலான பொய்கள் இப்படித்தான் எழுதப்படுகின்றன. அதனால்தான் யாரும் பிடிபடுவதில்லை.

குடியரசு தினத்தன்று சான்றிதழ் கொடுத்தார்கள். நொண்டிக்கொண்டே போய் வாங்கினேன். கைதட்டல் நீண்ட நேரம் இருந்தது. கை தட்டியவர்களில் எங்கள் பழைய தலைமை எழுத்தரும் ஒருவர். அவர் ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். சில மாதங்களில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. முக்கூடல் சம்பவத்தில் கோப்பில் இருந்த சாவியே உயிர்களைக் காத்தது என்பதால், இனி மானியம் பெற்ற எல்லா இடங்களிலும் அவசர வழிகளைப் பூட்டிவைத்து, ஒரு சாவியை ஆய்வாளரின் கோப்பில் சேர்க்க வேண்டும். படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் எழுதிய இரண்டு வரி, வட்டாரம் முழுக்கக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு போனது.

அப்போதாவது எழுந்து உண்மையைச் சொன்னேனா? இல்லை. சாவி வசூலித்தேன். வறுவல்காரர் கொடுத்தார், டயர்காரர் கொடுத்தார், அச்சகத்துக்காரர் கொடுத்தார். ‘எதுக்கு சார்?’ என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் மானியம் கொடுத்தால் ஏதாவது திருப்பிக் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். என் மேஜையின் இடது இழுப்பறை சாவிகளால் நிரம்பியது.

கடைசியில் முக்கூடலுக்கும் போனேன். தொழிற்கூடத்தைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். மானியத்தின் அடுத்த தவணை என் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. கதவு புதிது. கீலில் கம்பியே கிடையாது. உருவ முடியாதபடி முழுக்கப் பற்றவைத்திருந்தார் அண்ணாச்சி. சங்கிலி இன்னும் தடிமனாக இருந்தது. நான் சாவியை வாங்கிப் பையில் போட்டதைத் தையலில் இருந்தபடியே பாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாரு, ஒங்க ஆபீசு எத்தன மணிக்குத் தொறப்பாவ?” என்றார்.

“பத்து மணிக்கு.”

“நாங்க எட்டரைக்கே வந்துருதோமே.”

நான் பையை மூடினேன்.

“ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு லீவுல்லா? எங்களுக்கு வேல உண்டும்.” கோபமாகச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். “அப்ப, தீப்புடிச்சா நீங்க வரந்தண்டியும் நாங்க உள்ளயே இருந்துகிடணும். அப்பிடித்தான சாரு?”

கையால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பையிலிருந்து சாவியை எடுத்து அண்ணாச்சியின் மேஜையில் வைத்தேன். நடந்ததை அவரிடம் முதலிலிருந்து சொன்னேன். பூட்டச் சொன்னது என் தப்பு, கம்பியை உருவினது இவர்கள் புத்தி, அந்தப் புத்தி இல்லாவிட்டால் நீர் இன்று கோர்ட்டில் நின்றுகொண்டிருப்பீர், உம் பக்கத்தில் நானும் நின்றுகொண்டிருப்பேன் என்றேன். அவர் முகம் கறுத்தது. “அப்ப இத்தன நாளும் இவளுக என்னய ஏமாத்திருக்காளுவ. இவளுகள...” என்று ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, சங்கிலி போகணும். கேமரா வாசலப் பாக்கணும். பதினோரு பேர்ல ஒருத்தர நிறுத்தினாலும் கையெழுத்து கிடையாது.”

“மிரட்டுதீயளா சார்?”

“ஆமா.”

அதிகாரத்தை என் பணிக்காலத்தில் ஒழுங்காகப் பயன்படுத்திய நாள் அது ஒன்றுதான். சங்கிலியைக் கொக்கியோடு அறுத்தெடுக்கப் பற்றவைப்பவரை அன்றைக்கே கூப்பிட்டார்கள். சங்கிலி போன பிறகுதான் நான் பஸ் ஏறினேன்.

மறுநாள் இரண்டாவது அறிக்கை கொடுத்தேன். அதிகாரி படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “சான்றிதழ் கொடுத்தாச்சே வே, அத இப்ப என்ன செய்ய?” என்றுதான் முதலில் கேட்டார். என்னிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது, ஊதிய உயர்வு ஒரு வருஷம் நின்றது. சுற்றறிக்கையை ரத்து செய்தார்கள், சத்தமில்லாமல். சான்றிதழை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. அதைத் திருப்பிப் பெற நம்மிடம் படிவம் கிடையாதாம். இரண்டாவது அறிக்கையைப் படித்தவர்களும் அதிகம் பேர் இல்லை என்பதை உங்கள் காதோடு காதுப் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஓய்வுக்கு முந்தைய மாதங்களில் அந்தச் சாவிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். போன இடத்திலெல்லாம் பூட்டைக் கழற்ற வைத்தேன். கீல் பக்கமும் தள்ளிப் பார்த்தேன். உள்ளே வேலை செய்கிறவர்களை வெளியே வரச் சொல்லிப் பார்த்தேன். படிவம் இதில் எதையும் கேட்கவில்லை.

ஒரே ஒரு சாவி மிஞ்சிவிட்டது. வசூலித்த அவசரத்தில் அதற்குப் பெயர்ச் சீட்டுக் கட்டவில்லை. போன இடங்களுக்கே திரும்பப் போய், கழற்றிவைத்த பூட்டுகளில் போட்டுப் பார்த்தேன். எந்தப் பூட்டிலும் சேரவில்லை. யாருடையது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எங்கோ ஒரு கதவு இன்னும் பூட்டிக் கிடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஒப்படைப்புப் பட்டியலில் கடைசியாக அதை எழுதி, எனக்குப் பின்னால் வந்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

என் நாற்காலிக்கு வந்தவரே, உங்கள் மேஜையின் இடது இழுப்பறையில், குண்டூசிப் பெட்டிக்குப் பக்கத்தில் பாருங்கள். திண்டுக்கல் சாவி, கொஞ்சம் பெரியது. நாளைக் காலையில் அதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், பத்து மணிவரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கதவுக்குப் பின்னால் யாரோ எட்டரைக்கே வந்துவிடுகிறார்கள்.